உரியவர் கைக்கு

நுழையும் முன்

அரசு வழங்கும் உதவித்தொகை ஒருவருடைய வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்பட்டுவிட்டால், அது அவருக்குக் கிடைத்துவிட்டது என்று கூறலாமா? கணக்கில் இருக்கும் பணத்துக்கும் கையில் இருக்கும் பணத்துக்கும் இடையே உள்ள தொலைவு எவ்வளவு? மாற்றுத்திறனாளிகளுக்கான உதவித்தொகை மின்னணு முறையில் சென்று சேரும் வழியையும், அவ்வழியில் உள்ள தடைகளையும் இப்பாடம் விளக்குகிறது.

தொகையும் அதன் பின்னால் உள்ள உரிமையும்

2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, இந்தியாவில் வாழும் மாற்றுத்திறனாளிகளின் எண்ணிக்கையை 2.68 கோடி எனப் பதிவு செய்தது. நாட்டு மக்களில் இது 2.21 விழுக்காடு. இவர்களுள் பத்தில் ஏழு பேர் சிற்றூர்களில் வாழ்பவர்கள். நகரத்துத் தெருக்களில் வங்கிக் கிளைகளும் ஏ.டி.எம். இயந்திரங்களும் அடுத்தடுத்து இருக்கும். சிற்றூர்களில் அவ்வாறு இருப்பதில்லை. இந்த எளிய உண்மையை நினைவில் கொண்டு மேலே படிக்க வேண்டும்.

வறுமைக்கோட்டின் கீழ் வாழும் மாற்றுத்திறனாளிகளுக்காக 2009-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் நடுவண் அரசு ஓர் ஓய்வூதியத் திட்டத்தைத் தொடங்கியது. இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியத் திட்டம் என்பது அதன் பெயர். தொடக்கத்தில் மாதம் 200 ரூபாயாக இருந்த தொகை, 2012-இல் 300 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 80 விழுக்காடு அல்லது அதற்கு மேல் குறைபாடு உடையவர்கள் 18 வயது முதல் 79 வயது வரை இத்தொகையைப் பெறலாம். 80 வயது நிறைந்தோருக்கு 500 ரூபாய். இது நடுவண் அரசின் பங்கு மட்டுமே. மாநில அரசுகள் தம் பங்கைச் சேர்த்து வழங்குகின்றன. சில மாநிலங்கள் தனித்திட்டங்களும் வகுத்துள்ளன. ஆதலால் கையில் கிடைக்கும் தொகை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். எடுத்துக்காட்டாக, ஆந்திரப் பிரதேச அரசு 2024 ஜூலை முதல் மாற்றுத்திறனாளிகளுக்கான மாத ஓய்வூதியத்தை 3,000 ரூபாயிலிருந்து 6,000 ரூபாயாக உயர்த்தியது.

300 ரூபாய் பெருந்தொகை அன்று. தொகை சிறியதாக இருக்கும்போது, அதைப் பெறுவதற்கு ஆகும் செலவு பெரிதாகத் தோன்றும். தனியே நடக்க இயலாத ஒருவர் பத்துக் கிலோமீட்டர் தொலைவில் உள்ள வங்கிக்குச் செல்வதாகக் கொள்வோம். பேருந்தில் ஏற இயலாவிட்டால் ஆட்டோ வேண்டும். உடன் வருபவருக்கு ஒருநாள் கூலி போய்விடும். கணினி இயங்கவில்லை, நாளை வாருங்கள் என்று வங்கியில் சொல்லிவிட்டால் மறுநாளும் அதே செலவு. இப்படி இரண்டு முறை சென்று வந்தால் உதவித்தொகையில் எஞ்சுவது என்ன? மின்னணுப் பணமாற்றத்தைப் பற்றிப் பேசும்போது, பணம் எவ்வளவு விரைவாகக் கணக்கை அடைகிறது என்று மட்டும் பார்த்தால் போதாது. அதைப் பெறுபவர் எவ்வளவு செலவு செய்து, எவர் துணையால், எத்தனை முறை அலைந்து பெறுகிறார் என்றும் பார்க்க வேண்டும்.

உதவித்தொகையை அரசின் ஈகை என்று கருதுவோர் உளர். சட்டம் அவ்வாறு கருதவில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், முன்பு ஏழாக இருந்த குறைபாட்டு வகைகளை 21 ஆக விரிவாக்கியது. சமூகப் பாதுகாப்புத் திட்டங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு வழங்கப்படும் உதவி, அதே வகைத் திட்டங்களில் பிறருக்கு வழங்கப்படுவதைவிடக் குறைந்தது 25 விழுக்காடு கூடுதலாக இருத்தல் வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது. சொத்து வைத்துக்கொள்ளவும், தம் பணத்தைத் தாமே ஆளவும் மாற்றுத்திறனாளிகளுக்குப் பிறருக்கு நிகரான உரிமை உண்டு என்பதும் அதில் அடங்கும். 'தம் பணத்தைத் தாமே ஆளுதல்' என்னும் இத்தொடர் இப்பாடத்தின் பிற்பகுதியில் மீண்டும் நமக்குத் தேவைப்படும்.

பணவிடையிலிருந்து வங்கிக் கணக்குக்கு

இந்திய அஞ்சல் துறை 1880-ஆம் ஆண்டில் பணவிடை முறையைத் தொடங்கியது. மணியார்டர் என்று மக்கள் வழங்கியது இதனையே. நெடுங்காலம் பல மாநிலங்களில் முதியோர், கைம்பெண்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்குரிய உதவித்தொகை இம்முறையில்தான் சென்றது. அஞ்சல்காரர் வீட்டு வாசலுக்கு வந்து பணத்தை எண்ணிக் கொடுத்துக் கைநாட்டுப் பெற்றுச் செல்வார். பெறுபவர் எங்கும் செல்லவேண்டியதில்லை என்பது இம்முறையின் பெருஞ்சிறப்பு.

குறைகளும் இருந்தன. பணம் சில மாதம் வரும், சில மாதம் வராது. மூன்று மாதத் தொகை சேர்ந்து வருவதும் உண்டு. கொடுப்பவருக்குச் சிறிது 'கவனித்து'விட வேண்டும் என்னும் வழக்கம் பல ஊர்களில் எழுதப்படாத விதியாக இருந்தது. பெறுபவர் வீட்டில் இல்லாதபோது உறவினர் கையொப்பமிட்டு வாங்கிக்கொள்வதும், இறந்தவர் பெயரிலும் இல்லாதவர் பெயரிலும் பட்டியல் நீளுவதும் நடந்தன. நலத்திட்டங்களுக்காகச் செலவிடும் ஒரு ரூபாயில் 15 காசுகளே மக்களைச் சென்றடைகின்றன என்று அப்போதைய தலைமையமைச்சர் இராஜீவ் காந்தி 1985-ஆம் ஆண்டில் கூறியது இன்றளவும் எடுத்துக்காட்டப்படுகிறது.

இடையில் நிற்கும் கைகளைக் குறைக்கும் நோக்குடன் 2013 ஜனவரி 1 அன்று நேரடிப் பயன் மாற்றத் திட்டம் தொடங்கப்பட்டது. ஆனால் வங்கிக் கணக்கே இல்லாதவருக்கு எவ்வாறு பணம் அனுப்புவது? 2014 ஆகஸ்டு 28 அன்று தொடங்கிய பிரதமரின் ஜன் தன் திட்டம் இந்த இடைவெளியை நிரப்பியது. இருப்புத்தொகை எதுவும் வைக்கத் தேவையில்லாத அடிப்படைச் சேமிப்புக் கணக்குகள் கோடிக்கணக்கில் திறக்கப்பட்டன. இத்தகைய கணக்கில் மாதத்துக்கு நான்கு முறை கட்டணமின்றிப் பணம் எடுக்கலாம். உதவித்தொகை பெறுவோர் இதனை அறிந்திருத்தல் நலம். ஏனெனில் குறைந்த இருப்பு வைக்கவேண்டிய சாதாரணக் கணக்கில் சிலருக்குப் பணம் வந்துகொண்டிருக்கும். இருப்புக் குறைந்ததற்கான தண்டத்தொகையை வங்கி பிடித்துக்கொள்ளும். அவர்கள் தம் கணக்கை அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றித் தருமாறு வங்கியில் எழுத்துமூலம் கேட்கலாம்.

பணம் செல்லும் வழி

முதலில் ஒருவர் தம் குறைபாட்டுக்குரிய மருத்துவச் சான்றிதழைப் பெற வேண்டும். 2021 ஜூன் 1 முதல் இச்சான்றிதழ் இணையவழியில் மட்டுமே வழங்கப்படுகிறது. அதனுடன் 'யு.டி.ஐ.டி.' எனப்படும் தனித்துவ அடையாள அட்டையும் கிடைக்கும். ஒரு மாநிலத்தில் பெற்ற இவ்வட்டை நாடு முழுவதும் செல்லும். பெற்றோரின் பணிமாற்றத்தால் மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் குடும்பங்களுக்கு இது பெரிதும் உதவும். எனினும் அட்டை நாடு முழுவதும் செல்லும் என்பதால் ஓய்வூதியமும் உடன் வரும் என்று எண்ணிவிடக் கூடாது. ஓய்வூதியத்தை மாநில அரசு வழங்குவதால், புதிய மாநிலத்தின் விதிகளுக்கு உட்பட்டே அங்கு விண்ணப்பிக்க இயலும்.

விண்ணப்பம் ஏற்கப்பட்டபின், நலத்துறை அலுவலகம் பயனாளிகளின் பட்டியலைத் தயாரிக்கும். பொது நிதி மேலாண்மை அமைப்பு என்னும் அரசுக் கணினி அமைப்பு அப்பட்டியலில் உள்ள கணக்குகளைச் சரிபார்க்கும். பின்னர்ப் பணம் இரு வழிகளுள் ஒன்றில் செல்லும். வங்கிக் கணக்கு எண்ணையும் கிளையின் குறியீட்டையும் கொண்டு அனுப்புவது முதல் வழி. இதில் விளக்கத் தேவையில்லை. கடிதத்தில் முகவரி எழுதி அனுப்புவது போன்றதே. இரண்டாவது வழிதான் பலருக்கும் புரியாதது.

இரண்டாவது வழியில் கணக்கு எண்ணே இராது. ஆதார் எண் மட்டும் இருக்கும். தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம் ஒரு பெரும் அட்டவணையைப் பேணி வருகிறது. எந்த ஆதார் எண்ணுக்கு எந்த வங்கி என்பது அந்த அட்டவணையில் இருக்கும். பணம் முதலில் அந்த வங்கிக்குச் செல்லும். வங்கி தன் பதிவேட்டைப் பார்த்து உரிய கணக்கில் வரவு வைக்கும். ஒருவருக்கு மூன்று வங்கிகளில் கணக்குகள் இருக்கலாம். அட்டவணையிலோ ஓர் ஆதார் எண்ணுக்கு ஒரு வங்கி மட்டுமே இடம்பெறும். எந்த வங்கியில் கடைசியாக ஆதாரை இவ்வாறு இணைத்தாரோ, அந்த வங்கிக்கே பணம் செல்லும்.

'பணம் வரவில்லை' என்று வருந்துவோரில் சிலருக்குப் பணம் வந்தே இருக்கும். அவர் பாராத வேறொரு கணக்கில் வந்திருக்கும். 2017-ஆம் ஆண்டில் ஒரு தொலைபேசி நிறுவனத்தைச் சார்ந்த வங்கி, கைப்பேசி எண்ணைச் சரிபார்க்க வந்த வாடிக்கையாளர்களின் ஆதாரைக் கொண்டு அவர்கள் அறியாமலேயே கணக்குகளைத் திறந்தது. அதன் விளைவாகப் பலருடைய சமையல் எரிவாயு மானியம் அக்கணக்குகளுக்குத் திரும்பிச் சென்றது. தம் ஆதார் எந்த வங்கியுடன் இணைக்கப்பட்டுள்ளது என்பதை 'மை ஆதார்' தளத்தில் எவரும் பார்த்துக்கொள்ளலாம். பணத்தைத் தேடி அலைவதற்குமுன் பார்க்கவேண்டிய முதல் இடம் அதுவே.

பெயர் என்னும் தடை

கணினிக்கு மனிதரைத் தெரியாது, எழுத்துகளைத்தான் தெரியும். ஆதாரில் ஒரு வகையாகவும், மருத்துவச் சான்றிதழில் வேறு வகையாகவும், வங்கிக் கணக்குப் புத்தகத்தில் இன்னொரு வகையாகவும் பெயர் எழுதப்பட்டிருந்தால் கணினி மூவரையும் வெவ்வேறு ஆட்களாகக் கருதிவிடக்கூடும். தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் தமிழர்களுக்கு இத்தொல்லை சற்று மிகுதி. நம் வழக்கத்தில் தந்தை பெயரின் முதலெழுத்து முன்னால் நிற்கும். தில்லியிலோ போபாலிலோ உள்ள அலுவலகத்தில் விண்ணப்பத்தை நிரப்புபவர் அம்முதலெழுத்தை விரித்துக் குடும்பப்பெயராக்கிக் கடைசியில் வைத்துவிடுவார். சில வேளைகளில் தந்தையின் பெயரே விண்ணப்பித்தவரின் பெயர் ஆகிவிடும். வடநாட்டில் பள்ளி வருகைப்பதிவேட்டில் தம் தந்தையின் பெயரால் அழைக்கப்பட்ட அனுபவம் உங்களுள் சிலருக்கும் இருக்கலாம். பள்ளியில் அது நகைப்புக்கு உரியது. ஓய்வூதியப் பட்டியலில் அதுவே பல மாதத் தொகையை நிறுத்திவிடும்.

பதிவேட்டுப் பிழை இதனினும் விந்தையான வடிவம் எடுப்பதுண்டு. அரியானா மாநிலத்தின் ரோத்தக் மாவட்டத்தில் 102 வயது முதியவர் ஒருவர் இறந்துவிட்டதாகப் பதிவாகி, அவருடைய முதியோர் ஓய்வூதியம் நின்றுபோனது. 2022 செப்டம்பரில் அவர் மணமகனைப்போல் அலங்கரித்த வண்டியில் அமர்ந்து, மேளதாளத்துடன் நகரில் ஊர்வலம் சென்று, தாம் உயிரோடு இருப்பதை உலகறியச் செய்தார். செய்தியைப் படித்தவர்கள் சிரித்தார்கள். ஊர்வலம் நடத்த இயலாதவர்கள் என்ன செய்வார்கள் என்னும் வினாவும் அச்செய்தியில் இருந்தது.

கடைசிச் சில கிலோமீட்டர்

ஒடிசா மாநிலத்தில் 2023-ஆம் ஆண்டு இரண்டே மாத இடைவெளியில் நிகழ்ந்த இரு நிகழ்ச்சிகளை இங்கே சேர்த்துப் பார்க்கலாம். அவ்வாண்டு பிப்ரவரியில், நுவாபாடா மாவட்டத்தின் காட்டுப்பகுதியில் வாழும் மாற்றுத்திறனாளி ஒருவருக்கு அவ்வூர் ஊராட்சித் தலைவர் டிரோன் மூலமாக ஓய்வூதியத்தை அனுப்பிவைத்தார். அதுவரை அவர் அத்தொகைக்காக மாதந்தோறும் காட்டுவழியே சென்று வந்துகொண்டிருந்தார். ஏப்ரலில் அதே மாநிலத்தின் நபரங்கபூர் மாவட்டத்தில் 70 வயது மூதாட்டி ஒருவர், உடைந்த நெகிழி நாற்காலி ஒன்றை ஊன்றுகோலாகப் பற்றிக்கொண்டு, கொளுத்தும் வெயிலில் வெறுங்காலுடன் வங்கியை நோக்கி நடந்து சென்ற காணொலி நாடெங்கும் பரவியது. முன்பு கையில் பணமாகக் கிடைத்த அவருடைய ஓய்வூதியம், இப்போது வங்கிக் கணக்குக்கு மாறியிருந்தது. விரல்கள் சிதைந்திருந்ததால் அவருடைய கைரேகையை இயந்திரம் ஏற்கவில்லை. நடுவண் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அக்காணொலியைக் கண்டு, அப்பகுதியில் வங்கி மித்ரா எவரும் இல்லையா என்று வெளிப்படையாக வினவினார். அதன் பின்னரே மூதாட்டியின் வீட்டுக்கே பணத்தைக் கொண்டு சேர்க்க வங்கி முன்வந்தது.

மூதாட்டியின் கணக்கில் பணம் ஒவ்வொரு மாதமும் முறையாகவே வரவாகியிருக்கலாம். அரசின் பதிவேட்டில் அவர் 'பணம் பெற்ற பயனாளி'. டிரோன் சென்ற ஊரில் பணம் கையில் சேர்ந்தது; ஆயினும் ஓர் ஊராட்சித் தலைவரின் தனிப்பட்ட முயற்சி அது. மின்னணு முறை பல நூறு கிலோமீட்டர்களைக் கணப்பொழுதில் கடந்துவிடுகிறது. எஞ்சிய சில கிலோமீட்டரைக் கடக்கும் சுமை, நடக்க இயலாதவர்மீது விழுகிறது.

இச்சுமையைக் குறைக்க வழிகள் இல்லாமல் இல்லை. நிதியமைச்சர் குறிப்பிட்ட வங்கி மித்ரா, ஊர்களில் வங்கியின் முகவராகச் செயல்படுபவர். சிறு கைக்கருவியில் ஆதார் எண்ணைப் பதிந்து, விரலை வைத்துப் பணம் எடுக்க அவர் உதவுவார். 2018 செப்டம்பர் 1 அன்று தொடங்கப்பட்ட இந்திய அஞ்சல் பணவங்கியின் வாயிலாக அஞ்சல்காரரே இச்சேவையை வீட்டுக்கு வந்து அளிக்க இயலும். அன்று பணவிடையோடு வந்தவர், இன்று கருவியோடு வருகிறார். 2017 நவம்பர் 9 அன்று இந்திய ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை, 70 வயது கடந்தோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே சென்று வங்கிச் சேவை அளிக்குமாறு வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. கணக்கிலிருந்து எடுத்த பணத்தை வீட்டில் சேர்த்தல், ஆவணங்களையும் வாழ்நாள் சான்றையும் வீட்டில் வந்து பெற்றுக்கொள்ளுதல் ஆகியவை அவற்றுள் அடங்கும். இச்சுற்றறிக்கையைப் பற்றி அறிந்தவர் மிகச் சிலரே. கேட்பவருக்கே இச்சேவை கிடைக்கிறது. ஆதலால் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆந்திரப் பிரதேசம் வேறு வழியைத் தேர்ந்தது. அங்கு ஊர்ச் செயலக, வார்டுச் செயலக ஊழியர்கள் மாதத் தொடக்கத்தில் வீடுகளுக்குச் சென்று ஓய்வூதியத்தைப் பணமாகவே கையில் கொடுக்கின்றனர். கணினியின் சரிபார்ப்பும் பழைய பணவிடையின் எளிமையும் இம்முறையில் ஒருங்கே அமைந்துள்ளன. எல்லா மாநிலங்களுக்கும் இது ஏற்குமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் மின்னணு முறை என்றாலே பயனாளிதான் நடந்து வரவேண்டும் என்பது தவிர்க்க இயலாத விதி அன்று என்பதை இது காட்டுகிறது.

விரலும் விழியும் இல்லையெனில்

கைரேகை, கருவிழி, கண் இமைத்தல் ஆகியவற்றைக் கொண்டு ஆளை அடையாளம் காணும் முறை, எல்லா உடல்களும் ஒரே வகையானவை என்னும் எண்ணத்தின்மேல் கட்டப்பட்டது. தொழுநோயிலிருந்து மீண்டவருக்கு விரல்நுனிகள் தேய்ந்திருக்கும். கடும் உழைப்பாளியின் கைரேகையும் மங்கிவிடும். கேரளத்தில் விரல்களே இல்லாத பெண் ஒருவர் ஆதாரில் பதிவுபெற இயலாமல் இருந்தது 2023-இல் செய்தியாயிற்று. அதனையடுத்து அவருக்கு ஆதார் வழங்கப்பட்டது. கைரேகை இல்லாதவரைக் கருவிழி கொண்டும், இரண்டும் இல்லாதவரை அவை இன்றியும் பதிவு செய்யவேண்டும் என்னும் விதி மையங்களுக்கு மீண்டும் நினைவூட்டப்பட்டது.

அமிலவீச்சால் கண்கள் சிதைந்தவர்களும் பார்வையற்றோரும் தொடுத்த வழக்குகளில் 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. கைப்பேசியின் முன் கண்ணிமைத்தால்தான் வாடிக்கையாளர் உயிருடன் இருப்பதாக ஏற்கும் வங்கி முறை, கண் இமைக்க இயலாதவரை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது என்பது அவர்களின் முறையீடு. மின்னணுச் சேவைகளை அணுகுதல், அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு உறுதியளிக்கும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என நீதிமன்றம் கூறியது; மாற்று வழிகளை ஏற்படுத்தும்படி 20 நெறிமுறைகளையும் வகுத்தது.

இயந்திரத்துக்கு முன்பே இருந்த வங்கி நடைமுறையில் இதைவிடக் கனிவு இருந்தது என்பது வியப்பூட்டும். கையொப்பமிட இயலாத நோயாளி, கைநாட்டோ கால்விரல் நாட்டோ வைத்துப் பணம் பெறலாம். வங்கி அறிந்த இரு சாட்சிகள் அதனை உறுதிசெய்ய வேண்டும், அவர்களுள் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அலுவலராக இருக்க வேண்டும். அதுவும் இயலாதவர் படிவத்தில் ஒரு குறியிட்டாலும் போதும். இவ்விதி இன்றும் நடைமுறையில் உள்ளது. கைரேகைக் கருவி மறுத்துவிட்டால், வங்கிக் கிளையில் இம்முறையில் பணம் தருமாறு கேட்கலாம்.

தம் பணத்தைத் தாமே ஆளுதல்

உதவித்தொகை வீட்டுக்கே வந்தாலும், அது யார் கைக்கு வருகிறது? ஏ.டி.எம். அட்டையும் அதன் இரகசிய எண்ணும் அண்ணனிடமோ மாமாவிடமோ இருக்குமாயின், கணக்கு ஒருவர் பெயரிலும் பணம் இன்னொருவர் கையிலும் இருக்கும். பல குடும்பங்களில் இது அன்பினால் நிகழ்கிறது. சிலவற்றில் அன்பின் பெயரால் நிகழ்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்.

பார்வையற்றோர்க்குக் காசோலைப் புத்தகம், ஏ.டி.எம். அட்டை, பெட்டகம் ஆகியவற்றை மறுக்கக் கூடாது என ரிசர்வ் வங்கி 2008-ஆம் ஆண்டிலேயே அறிவித்தது. 2014 ஜூலை முதல் புதிதாக நிறுவப்படும் ஏ.டி.எம். இயந்திரங்கள் எல்லாம் பேசும் வசதியும் பிரெய்ல் எழுத்துப் பொத்தான்களும் உடையனவாக இருக்கவேண்டும் என்றும் ஆணையிட்டது. காதொலிக் கருவியைச் செருகினால், இயந்திரம் ஒவ்வொரு படியையும் வாய்மொழியாகக் கூறும். இருப்புத்தொகை அருகில் நிற்பவர் காதில் விழாது. கைக்கு வந்த தாள் எத்தனை ரூபாய் என்பதை அறிய, ரிசர்வ் வங்கி 2020 ஜனவரி 1 அன்று வெளியிட்ட 'மணி' என்னும் கைப்பேசிச் செயலி உதவும். தாளைக் கைப்பேசியின் முன் காட்டினால் அதன் மதிப்பை அது ஒலித்துக் கூறும். தம் பணத்தைத் தாமே எண்ணிப் பார்க்கும் ஒருவருக்கு இது எத்தகைய விடுதலை என்பதை நாம் ஊகித்தறியலாம்.

அறிவுசார் குறைபாடு உடையோரின் நிலை வேறு. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ், புறஉலகச் சிந்தனையற்றோர் எனப்படும் ஆட்டிசம் உடையோர், மூளை முடக்குவாதம் உடையோர், அறிவுசார் குறைபாடு உடையோர், பல்வகைக் குறைபாடு உடையோர் ஆகியோருக்கு உள்ளூர்க் குழு சட்டப்படியான பாதுகாவலரை நியமிக்கலாம். அக்குழுவின் சான்றை ஏற்று வங்கிகள் கணக்கை இயக்க அனுமதிக்கும். பாதுகாவலர் கணக்கை இயக்குபவரே அன்றிப் பணத்தின் உரிமையாளர் அல்லர்.

விழிப்பும் முறையீடும்

விரல்ரேகை வைத்துப் பணம் எடுப்போர் கவனிக்கவேண்டிய ஏமாற்று ஒன்று உண்டு. "ரேகை பதியவில்லை, மீண்டும் வையுங்கள்" என்று கூறி, ஒவ்வொரு முறையும் பணத்தை எடுத்துக்கொள்ளும் முகவர்கள் சிலர் பிடிபட்டுள்ளனர். ஒவ்வொரு முயற்சிக்கும், தோல்வியடைந்த முயற்சிக்கும்கூட, அச்சிட்ட சீட்டைக் கேட்டுப் பெற வேண்டும். வங்கிக் கணக்குடன் தம் கைப்பேசி எண்ணையே இணைத்திருந்தால் குறுஞ்செய்தி உடனே உண்மையைக் கூறிவிடும். பணம் எடுக்காத நாள்களில் ஆதாரின் உயிர்க்குறிகளைப் பூட்டி வைக்கவும் வசதி உண்டு. ஓய்வூதியம் நின்றுவிடும் என்று அச்சுறுத்தி ஓ.டி.பி. கேட்பவரிடம் ஒரு சொல்லும் பேசாமல் தொடர்பைத் துண்டிக்க வேண்டும். பணம் பறிபோயிருந்தால் 1930 என்னும் எண்ணுக்கு உடனே தெரிவிக்க வேண்டும்.

தாமதத்துக்கும் விலை உண்டு. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வகுத்த விதிப்படி, ஆதார் வழியே வந்த தொகையை வரவு வைப்பதில் வங்கி ஒருநாளுக்கு மேல் தாமதித்தால், தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தரவேண்டும். ஏ.டி.எம். இயந்திரத்தில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிக்கப்பட்டால், ஐந்து நாளுக்குள் திருப்ப வேண்டும். தவறினால் அதே இழப்பீடு. 300 ரூபாய் ஓய்வூதியம் பெறுபவருக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் என்பது எத்துணைப் பெரிது! ஆயினும் கேட்டுப் பெறுவோர் அரியர்.

பணம் வராதபோது எங்கே கேட்பது என்பதில் பலரும் தடுமாறுவர். வங்கியில் கேட்டால் அரசு அனுப்பவில்லை என்பர். அலுவலகத்தில் கேட்டால் அனுப்பியாயிற்று என்பர். அலுவலகத்தில் 'எந்த நாளில், எந்த வங்கிக்கு, எந்தப் பரிமாற்ற எண்ணில் அனுப்பப்பட்டது' என்று எழுத்துமூலம் கேட்டுப் பெற வேண்டும். அந்த எண் கையில் இருந்தால் வங்கி தட்டிக்கழிக்க இயலாது. முறையீட்டுக்கு வங்கி 30 நாளுக்குள் தீர்வு தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். 14448 என்னும் எண்ணில் வழிகாட்டுதல் கிடைக்கும். ஆதார் தொடர்பான குறைகளுக்கு உரிய எண் 1947.

பயிற்சி

1. பணவிடை முறைக்கும் மின்னணு முறைக்கும் உள்ள வேறுபாடுகளை, பணம் பெறுபவரின் நோக்கிலிருந்து எழுதுக.

2. ஒருவருக்கு இரண்டு வங்கிகளில் கணக்கு உள்ளது. முதல் வங்கியில் 2019-இலும் இரண்டாவது வங்கியில் 2023-இலும் உதவித்தொகை பெறுவதற்காக ஆதாரை இணைத்தார். ஆதார் வழியே வரும் ஓய்வூதியம் எந்த வங்கிக்குச் செல்லும்? காரணம் கூறுக.

3. "பல குடும்பங்களில் இது அன்பினால் நிகழ்கிறது, சிலவற்றில் அன்பின் பெயரால் நிகழ்கிறது." இவ்விரண்டு தொடர்களுக்கும் உள்ள பொருள் வேறுபாட்டை விளக்குக.

4. உங்கள் பகுதியில் உள்ள ஒரு வங்கிக் கிளைக்கும் ஏ.டி.எம். மையத்துக்கும் சென்று பாருங்கள். சாய்தளம் உண்டா? சக்கர நாற்காலி நுழையும் அளவுக்கு வாயில் அகலமாக உள்ளதா? பொத்தான்களில் பிரெய்ல் எழுத்துகள் உள்ளனவா? காதொலிக் கருவியைச் செருகும் துளை உள்ளதா? கண்டவற்றைக் குறித்துக்கொண்டு, கிளை மேலாளருக்கு ஒரு விண்ணப்பம் எழுதுக.

5. நடக்க இயலாத உங்கள் அண்டை வீட்டார் ஒருவருக்காக, வீட்டுக்கு வந்து பணம் வழங்கும் சேவையைக் கோரி அவர் சார்பில் கடிதம் எழுதுக. கடிதத்தில் 2017-ஆம் ஆண்டின் சுற்றறிக்கையைக் குறிப்பிடுக.